ஆறாத புண்ணுக்கு வெள்ளித் துகள்: தங்கவயலை எட்டுமா நானோ மருத்துவம்?

புதுதில்லி: ஆறாத புண்களில் குடியேறி, மருந்துக்கு அடங்காமல் பெருகும் பாக்டீரியாக்களை அழிக்கும் நானோ துகள்களை இந்திய ஆய்வுக்கூடங்கள் உருவாக்கத் தொடங்கி 15 ஆண்டுகளுக்கு மேலாகிறது. வெள்ளி, துத்தநாகம், தங்கம் ஆகியவற்றைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கி, களிம்பாகவும் கட்டுத்துணியாகவும் மாற்றும் இந்த ஆராய்ச்சிக்கு மக்களின் வரிப்பணமே ஆதாரம்.

அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் 2007 மே மாதம் தொடங்கப்பட்ட நானோ இயக்கத்துக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் ரூ.1,000 கோடி ஒதுக்கப்பட்டது. 2014-இல் மேலும் ரூ.650 கோடியுடன் அதைத் தொடர மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. புண்ணுக்கான மருந்து இந்த இயக்கத்தின் பல நோக்கங்களில் ஒன்று மட்டுமே. ஆனாலும், சாதாரண மனிதன் தன் உடலில் நேரடியாக உணரக்கூடிய பயன் அதுதான்.

அந்தப் பயன், அரசு மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையின் வாசலில் காத்திருக்கும் ஏழை நோயாளிக்கு எந்த நிபந்தனைகளுடன் கிடைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் போலப் பொருத்தமான ஊர் வேறில்லை. நுண்துகள் தரும் செல்வத்தையும், அது தரும் நோயையும் ஒருசேர அறிந்த ஊர் அது.

துகளால் வாழ்ந்த ஊர்:

கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் பெருமளவில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. பழைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். மாரிக்குப்பம், உரிகம், சாம்பியன் ரீஃப், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என விரிந்த அந்த நகரம், கன்னட மண்ணில் ஒரு தமிழ்ப் பகுதியாகவே வளர்ந்தது.

1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து அங்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பாறை, மாவு போல அரைக்கப்பட்டு, சயனைடு கரைசலில் இட்டுத் தங்கம் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் அங்கிருந்து கிடைத்தது.

1956-இல் அன்றைய மைசூர் மாநில அரசிடமும், 1962-இல் மத்திய அரசிடமும் வந்த சுரங்கங்கள், 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. பாறையில் தங்கத்தின் அளவு குறைந்து, செலவு வருவாயை மிஞ்சியதால் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன.

பாறை வெடிப்பிலும் விபத்திலும் காயமடைந்தவர்களுக்கு அடைக்கலமாக இருந்தது நிறுவனத்தின் மருத்துவமனை. சுரங்கத்தோடு அதுவும் முடங்கியது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, பாழடைந்து கிடந்த அந்தக் கட்டடத்தைத் தன்னார்வலர்கள் சுத்தம் செய்து சிகிச்சை மையமாக மாற்றினர். 20 ஆண்டுகள் பூட்டிக் கிடந்த மருத்துவமனையைச் சில வாரங்களில் மீட்க முடிந்தது என்பது அன்று ஆறுதலாகவும், அதே நேரத்தில் கேள்வியாகவும் அமைந்தது.

ஆறாத புண் எங்கிருந்து?

சுரங்கம் மூடியதால் சுரங்கக் காயங்கள் நின்றன. ஆனால், புண்கள் நிற்கவில்லை. இன்று நாடு முழுவதும் கால்களைப் பறிக்கும் புண்ணுக்கு முதன்மைக் காரணம் நீரிழிவு நோய்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது என்று அது மதிப்பிட்டது. கிராமப்புறங்களில் 8.9 சதவீதமாக உள்ள பாதிப்பு, நகர்ப்புறங்களில் 16.4 சதவீதமாக உள்ளது.

நீரிழிவு நீண்ட காலம் நீடிக்கும்போது பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. செருப்பு கடித்ததோ, கல் குத்தியதோ தெரிவதில்லை. தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும். அதில் புகும் பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தை அமைத்துக் கொள்கின்றன. உயிரிப்படலம் எனப்படும் இந்தக் கோட்டைக்குள் நோய் எதிர்ப்பு மருந்து எளிதில் நுழைவதில்லை. இறுதியில் விரலையோ, பாதத்தையோ, காலையோ அகற்ற வேண்டிய நிலை ஏற்படுகிறது.

மற்றொரு பக்கம், மருந்துகளே வலுவிழந்து வருகின்றன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று 2022-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்தியா இதற்கான தேசிய செயல் திட்டத்தை 2017-இல் அறிவித்தது. ஊசியும் மாத்திரையும் தோற்கும் இடத்தில், புண்ணின் மேலேயே நின்று போரிடும் பொருள் ஏதேனும் உண்டா என்ற தேடலே விஞ்ஞானிகளை நானோ துகள்களுக்கு இட்டுச் சென்றது.

சிறிதானால் வலிமை ஏன்?

ஒரு மீட்டரை 100 கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகள்களே நானோ துகள்கள் எனப்படுகின்றன. மனிதத் தலைமுடியின் தடிமன் இதைவிடப் பல நூறு மடங்கு பெரிது.

இதன் வலிமைக்குக் காரணம் பரப்பளவு. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கொண்ட வெள்ளிக் கனசதுரம் ஒன்றின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதே வெள்ளியைப் பக்கத்துக்கு 10 நானோமீட்டர் கொண்ட கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். எடை கூடவில்லை, ஆனால், பாக்டீரியாவைத் தொடும் பரப்பு 10 லட்சம் மடங்கு கூடுகிறது. பாறையை மாவாக அரைத்தால்தான் சயனைடு கரைசல் தங்கத்தைத் தொட முடியும் என்பதைத் தங்கவயல் ஆலைத் தொழிலாளி அறிவார். தத்துவம் ஒன்றே.

வெள்ளித் துகளிலிருந்து மெல்ல வெளிப்படும் அயனிகள் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கின்றன. உள்ளே உள்ள நொதிகளில் கந்தகம் இருக்கும் இடங்களைப் பற்றி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. மரபுப் பொருளையும் தாக்குகின்றன. துத்தநாக ஆக்ஸைடு துகள்கள், ஆக்சிஜனின் வீரியமிக்க வடிவங்களை உண்டாக்கி பாக்டீரியாவைச் சேதப்படுத்துகின்றன. ஒரே நேரத்தில் பல முனைகளில் தாக்குவதால், ஒற்றை இலக்கைக் குறிவைக்கும் மருந்தைவிட இவற்றைப் பாக்டீரியா சமாளிப்பது கடினம்.

வெள்ளி மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1880-களிலேயே பிறந்த குழந்தைகளின் கண் தொற்றைத் தடுக்க வெள்ளி நைட்ரேட் சொட்டு மருந்தை ஜெர்மனியின் கிரெடே பயன்படுத்தினார். 1968-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஃபாக்ஸ், வெள்ளியையும் சல்ஃபா மருந்தையும் இணைத்துச் சில்வர் சல்ஃபாடயசினை உருவாக்கினார். அதுவே உலகெங்கும் தீப்புண்ணுக்குத் தடவும் வெள்ளைக் களிம்பானது. 1990-களில் கனடாவின் ராபர்ட் பரெல், நானோ படிக வெள்ளி பூசிய கட்டுத்துணியை உருவாக்கினார். அது சந்தைக்கு வந்ததும் இத்துறை புது வேகம் பெற்றது.

இந்திய ஆய்வுக்கூடங்களில்:

புனேயில் உள்ள அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கிஷோர் பக்னிகர் தலைமையிலான குழுவினர், 7 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்களைக் கொண்ட களிம்பு ஒன்றை உருவாக்கி 2009-இல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். பாக்டீரியாக்களுக்கு எதிராக அது சில்வர் சல்ஃபாடயசின் களிம்புக்கு இணையாகச் செயல்பட்டது. ஆனால், அதில் இருந்த வெள்ளியின் அளவு 30-இல் ஒரு பங்குதான். வெள்ளி குறைந்தால் திசுக்களுக்கு ஏற்படக்கூடிய தீங்கும் குறையும் என்பதே இதன் சிறப்பு.

கொச்சி அமிர்தா நானோ அறிவியல் மையத்தில் ஆர். ஜெயக்குமார் குழுவினர், இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுடன் துத்தநாக ஆக்ஸைடு நானோ துகள்களைச் சேர்த்து, நெகிழ்வான கட்டு ஒன்றை 2012-இல் வெளியிட்டனர். நீரை உறிஞ்சி, ரத்தம் உறையத் துணை செய்து, பாக்டீரியாவையும் தடுக்கும் அந்தக் கட்டு எலிகளின் புண்களில் சோதிக்கப்பட்டது.

பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ஜயந்த ஹல்தார் குழுவினர், புண்ணில் செலுத்தியதும் களியாக உறையும் பொருளை 2017-இல் அறிவித்தனர். அது நானோ துகள் அல்ல என்றாலும் நோக்கம் அதுவே: பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும், புண்ணையும் ஆற்ற வேண்டும்.

தங்கவயலின் தங்கத்துக்கும் இதில் இடமுண்டு. தங்கத் துகளுக்குத் தனித்து நின்று பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. ஆனால், அதன் மேற்பரப்பில் சிறு மூலக்கூறுகளைப் பொருத்தினால் நிலைமை மாறுகிறது என்று சீன விஞ்ஞானிகள் 2010-இல் காட்டினர். தனியே வலுவற்ற மூலக்கூறும், தனியே வலுவற்ற தங்கமும் சேர்ந்தபோது, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களையும் அழித்தன.

எச்சரிக்கை அவசியம்:

இவை அனைத்தும் நம்பிக்கை தருபவை. ஆனால், ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியா சாவது வேறு. மனிதனின் காலில் புண் ஆறுவது வேறு.

பிரிட்டனில் கால் நாளப் புண் உள்ள 213 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. வெள்ளி கலந்த கட்டுக்கும் சாதாரணக் கட்டுக்கும் இடையே, 12 வாரங்களில் புண் ஆறிய விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது கண்டறிந்தது. செலவு மட்டும் கூடுதலாக இருந்தது. 26 ஆய்வுகளைத் தொகுத்த 'காக்ரேன்' அமைப்பின் 2010-ஆம் ஆண்டு அறிக்கையும், வெள்ளிக் கட்டுகள் தொற்றைத் தடுக்கும் அல்லது புண்ணை ஆற்றும் என்று கூறப் போதிய சான்று இல்லை என்றது. நீரிழிவுப் பாதம் குறித்த சர்வதேசப் பணிக்குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், புண்ணை ஆற்றுவதற்கென இத்தகைய கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

பாக்டீரியா வெள்ளியையும் எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீப்புண் பிரிவில், வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா பரவி நோயாளிகள் உயிரிழந்தது மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. தேவையற்ற இடத்தில் எல்லாம் வெள்ளியைப் பயன்படுத்தினால், நோய் எதிர்ப்பு மருந்துகளுக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். உடலில் வெள்ளி அளவுக்கு மிஞ்சினால் தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறுவதும் உண்டு.

நுண்துகளை எச்சரிக்கையின்றிக் கையாண்டால் என்ன நேரும் என்பதற்குத் தங்கவயலே சாட்சி. பாறைத் தூளில் உள்ள சிலிக்காவைச் சுவாசிப்பதால் வரும் சிலிகோசிஸ் நோய், இந்தியாவில் முதன்முதலாக 1934-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில்தான் பதிவானது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட பரிசோதனையில் 43.7 சதவீதம் பேருக்கு அந்நோய் இருந்தது கண்டறியப்பட்டது. பலனை வேறு யாரோ பெற, துகளை நெஞ்சில் சுமந்தவர்கள் தொழிலாளர்கள்.

நானோ பொருள்களைத் தயாரிக்கும் தொழிற்கூடங்களின் பணியாளர்களுக்கும், அவை கலந்த கழிவு சேரும் நீர்நிலைகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். புண்ணில் பூசும் துகள் ரத்தத்தில் எவ்வளவு கலக்கிறது, எங்கே தங்குகிறது என்பதை ஆராயாமல் அதை மருந்தாக ஏற்க முடியாது.

வேலூர் கற்பித்த பாடம்:

புண் சிகிச்சையில் புதிய பொருளைவிட அடிப்படைப் பராமரிப்பே முதலில் வர வேண்டும் என்பதை நிரூபித்த இடம், தங்கவயல் தமிழர்கள் பலரின் பூர்வீக மாவட்டத் தலைநகரான வேலூர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணை ஆராய்ந்தார். நோய் காலைத் தின்பதில்லை. உணர்ச்சியற்ற பாதம் ஓயாமல் அழுத்தப்படுவதால்தான் புண் உண்டாகிறது என்று அவர் விளக்கினார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை நீக்கியபோது ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. பின்னர் நீரிழிவுப் பாதத்துக்கும் அதே முறை உலகெங்கும் பின்பற்றப்பட்டது.

சென்னை ராயபுரத்தில் உள்ள எம். விஸ்வநாதன் நீரிழிவு மருத்துவமனையின் மருத்துவர்கள், பாதப் பரிசோதனை, தகுந்த காலணி, நோயாளிக்குக் கல்வி ஆகியவற்றால் கால் இழப்பைக் குறைக்கலாம் என்று 2005-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வலியுறுத்தியது.

எனவே, நானோ கட்டு என்பது மாற்றுச் சிகிச்சை அல்ல, துணைச் சிகிச்சை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, அழுகிய திசுவை அகற்றி, அழுத்தத்தை நீக்கிய பின்னரும் தொற்று அடங்காத புண்ணில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய ஆயுதம் அது. அந்த அடிப்படைச் சிகிச்சை இல்லாத ஊரில் விலையுயர்ந்த கட்டு மட்டும் வந்து பயனில்லை.

தில்லி செய்ய வேண்டியது:

சட்டப்படி சில படிகள் எடுக்கப்பட்டுள்ளன. மருத்துவச் சாதனங்களை ஆபத்தின் அளவைப் பொருத்து நான்கு வகைகளாகப் பிரிக்கும் விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2019 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் சட்டத்தின் பார்வையில் மருந்துகளாகக் கருதப்படுகின்றன. இதனால் அவற்றின் அதிகபட்ச சில்லறை விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது.

ஆனால், முதலிலேயே அதிக விலை வைக்கப்பட்டால் இந்த வரம்பால் ஏழைக்குப் பயனில்லை. வெள்ளிக் களிம்பான சில்வர் சல்ஃபாடயசின் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால்தான் அரசு மருத்துவமனைகளில் அது கிடைக்கிறது. மக்கள் பணத்தில் உருவான நானோ களிம்பும் கட்டும் அந்தப் பட்டியலுக்குத் தகுதியானவையா என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பும் மக்கள் அரசுக்கே உரியது.

அந்தச் சோதனை பெருநகரங்களின் சிறப்பு மருத்துவமனைகளோடு நின்றுவிடக் கூடாது. வெறுங்காலோடு நடப்பவரும், தாமதமாக வருபவரும், மறுமுறை வரப் பேருந்துக் கட்டணம் இல்லாதவரும் உள்ள மாவட்ட மருத்துவமனைகளில் நடந்தால்தான் முடிவு உண்மையாக இருக்கும். கோலாரில் மாவட்ட மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ராபர்ட்சன்பேட்டையில் அரசு மருத்துவமனை உள்ளது. சோதனையில் பங்கேற்பவரிடம் அவருடைய தாய்மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுவதும், தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தருவதும் சட்டப்படி கட்டாயம். சோதனை முடிந்த பின்னர் அதே மருந்து அதே ஊரில் கிடைக்குமா என்பதையும் தொடக்கத்திலேயே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

100 கிலோமீட்டர் தொலைவு:

வேலை இழந்த தங்கவயலின் அடுத்த தலைமுறை, நாள்தோறும் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்குச் செல்கிறது. நாட்டின் முன்னணி நானோ ஆய்வுக்கூடங்கள் இயங்கும் அந்த நகரம், தங்கவயலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. உழைப்பு அந்தத் தொலைவைத் தினமும் கடக்கிறது. அறிவியலின் பயன் எதிர்த்திசையில் அதைக் கடக்க வேண்டும்.

தங்கவயலைச் சுற்றி மலைபோல் குவிந்துள்ள சயனைடு கழிவு மண்ணில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுப்பதற்கான மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 13 குவியல்கள், ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் என அதற்குத் துல்லியமான கணக்கு இருந்தது. ஒரு டன் மண்ணில் மிஞ்சிய ஒரு கிராமுக்கும் குறைவான தங்கத்தைக்கூட விட்டுவிட மனமில்லாத அரசுகள், அந்தத் தங்கத்தை வெட்டித் தந்தவர்களின் வீடுகளில் ஆறாமல் இருக்கும் புண்களையும் அதே அக்கறையோடு கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டும் என்பதே தங்கவயல் தமிழர்களின் நியாயமான எதிர்பார்ப்பாக இருக்க முடியும்.